‘லைட் வேர்க் இல்லை’ என்று தீர்மானித்தது யார்?



எங்கள் பகுதித் தோட்டமொன்றின் பிரட்டுக் களத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்தெடுக்கும் ஒரு அம்மா, வலது மணிக்கட்டைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். மழை நாளில் கொழுந்துச் சுமையோடு இறங்கும்போது கானுக்குள் சறுக்கி விழுந்து எலும்பு முறிந்திருந்தது. ஆறு கிழமை பிளாஸ்டர். அதைக் கழற்றிய அன்று அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டுகிறார். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்.

“லைட் வேர்க் எல்லாம் இங்க இல்ல. முழுசா சொகமாகி வா. இல்லாட்டி நெரையில போய் நில்லு.”

“ஒரு கையால எப்பிடிங்கய்யா கொழுந்தெடுக்கிறது?”

“அதுக்கு நான் என்னா பண்ண? ஒடஞ்சது ஒரு கைதானே.”

அந்த அம்மா நிரையில் போய் நின்றார். வேறு என்ன செய்வது? ஆறு கிழமையாக வீட்டில் அடகு வைக்க இருந்ததெல்லாம் வைத்தாகிவிட்டது. அன்று பின்னேரம் நிறுத்துப் பார்த்தால் நோமில் பாதிகூட இல்லை. அரைப்பேர் போட்டார்கள். மறுநாளும் அரைப்பேர். மூன்றாம் நாள் கை வீங்கி விரல் மடங்கவில்லை. நான்காம் நாள் அவருடைய மகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. அம்மாவின் பையைச் சுமக்கவும் எட்டாத வாதுகளில் கொழுந்தைக் கிள்ளிக் கொடுக்கவும் மலைக்குப் போய்விட்டது.

எங்களில் சிலர் தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறவர்கள். ஒரு விசயத்தை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறோம். தோட்டத்தின் விபத்துப் புத்தகத்தில் பதிவாகாத விபத்தெல்லாம் எங்கள் வரவு இடாப்பில் பதிவாகிவிடுகிறது. செக்ரோலில் அம்மாவுக்குப் பேர் விழாத மாதத்தில் இடாப்பில் பிள்ளைக்கும் கோடு விழுகிறது. விசாரித்துப் போனால் லயத்தில் யாராவது கட்டுப்போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். கவ்வாத்துக் கத்தி பட்ட கால், குளவி கொட்டி வீங்கிய முகம், பெக்டரியில் நசுங்கிய விரல், மருந்துத் தாங்கி சுமந்து பிடித்துக்கொண்ட முதுகு.

அந்த மகளைத் தேடிப் போனபோதுதான் துண்டை எங்களிடம் காட்டினார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எட்டுக் கிழமைக்கு இலகுவான வேலை, பாரம் தூக்கக் கூடாது, வலது கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை கூடாது. இதை அந்த அம்மாவுக்கு யாருமே வாசித்துச் சொல்லியிருக்கவில்லை. அவர் அதை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததற்கான ரசீது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தோழர்களே, ‘லைட் வேர்க் இல்லை’ என்பது அப்பட்டமான பொய் என்கிறோம். தோட்டத்தில் ஒரு நாள் காலையில் பிரியும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். நர்சரியில் பைக்கு மண் நிரப்புகிறார்கள், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ எழுத ஒருவர் வேண்டும். முற்றிய இலை பொறுக்க ஒருவர் வேண்டும். பெக்டரியில் தூளிலிருந்து குச்சி பொறுக்க உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது. பிள்ளை மடுவத்தில் கைக்கு உதவி தேவை. மலைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோக ஆள் தேவை. பங்களாத் தோட்டத்தில் பூவுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஒருவர் தினமும் முழுப்பேரோடு நிற்கிறார். பிள்ளைத்தாச்சிகளை இலகு வேலைக்கு அனுப்புவது தோட்டங்களில் நெடுங்காலப் பழக்கம். ஆக, வேலை இருக்கிறது. அது யாருக்கு என்பதுதான் கேள்வி. துரைமாருக்கு வேண்டியவர், கணக்கப்பிள்ளைக்குச் சொந்தக்காரர், ஒத்துப்போகிறவர் என்று ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள். தோட்டத்துக்காக விழுந்து கையை முறித்தவர் கேட்டால் மட்டும் இல்லை என்கிறார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சில தோட்டங்களில் ‘சரி, லைட் வேர்க் தருகிறோம்’ என்று சொல்லி முதுகு பிடித்தவரைப் புல்வெட்ட அனுப்புகிறார்கள். குனிந்தபடி எட்டு மணித்தியாலம். கால் தசை கிழிந்தவரைக் கான் வெட்டும் கூட்டத்தோடு சரிவில் விடுகிறார்கள். குளவி கொட்டி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, கூடு அப்படியே தொங்கும் அதே மலைக்கு அனுப்புகிறார்கள். ஒருமுறை அப்படிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அடுத்த கொட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது எந்த டொக்டரும் சொல்லும் விசயம். கூட்டை அகற்றும்வரை அந்த ஆளுக்கு வேறு மலை கொடுக்கத் தோட்டத்துக்கு என்ன செலவு? ஒரு சதமும் இல்லை. காலையில் பேர் பிரிக்கும்போது ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும்.

பொருத்தமான வேலை என்றால் காயத்தைப் பார்த்துக் கொடுக்கும் வேலை. மணிக்கட்டு முறிந்தவருக்கு நிறுவையில் எழுதும் வேலை சரி, பைக்கு மண் நிரப்பும் வேலை சரியில்லை. கால் அடிபட்டவருக்கு உட்கார்ந்து மண் நிரப்புவது சரி, மலைக்குத் தேத்தண்ணீர் சுமப்பது சரியில்லை. பதினாறு லீற்றர் தாங்கியைத் தோளில் சுமந்து மருந்தடித்து முதுகு போனவரை மறுபடி தாங்கிக்கு அனுப்புவது எந்த வகையிலும் சரியில்லை. இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். காயப்பட்டவரையே கேட்டால் சொல்லிவிடுவார். அவரைத்தான் யாரும் கேட்பதில்லை.

முழுசாகச் சுகமாகி வா என்கிறார்களே, அதையும் பார்ப்போம். காது குளிரக் கேட்கும் சொல்தான். அதற்குள் இருப்பது சம்பளமில்லாத நாள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. அதற்காக எத்தனை வருடம் தெருவில் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பேர் விழாத நாளுக்கு எந்த நாட்சம்பளமும் வெறும் காகிதம். சேமலாப நிதிக்கும் அந்த நாளில் ஒன்றும் சேராது. வைத்தியத்தின் கணக்கிலும் இது பிழை. முதுகு நோவுக்காரர் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் உடம்பு இன்னும் இறுகிப்போகும். பிளாஸ்டர் கழற்றிய கைக்கு மெல்லிய அசைவு வேண்டும். அளவான வேலை மருந்துக்கும் உதவி, மனதுக்கும் உதவி. நாலைந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தவர் பிறகு பிரட்டுக்குப் போகவே கூசுகிறார். அதைத்தான் சில நிர்வாகங்கள் எதிர்பார்க்கின்றன. ஆள் தானாகக் கழன்றுகொண்டால் செலவு மிச்சம்.

கழலாவிட்டால் ஒரு காகிதம் வரும். இதைக் கவனமாக வாசியுங்கள், வாசிக்கத் தெரியாத தாய்தகப்பனுக்குப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ‘சுகயீனம் காரணமாக நானாக விலகுகிறேன்’ என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ‘நீ எழுதிக் கொடு, மகனைப் பேர் பதிந்துகொள்கிறோம், காம்பிராவும் கையைவிட்டுப் போகாது’ என்பார்கள். ஏன் இவ்வளவு பாடுபட்டு உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள்? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டம் இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுப் போனால் கேள்வி வரும், விசாரணை வரும். அதைவிட லயத்துக்கு ஆள் அனுப்பி, கை முறிந்த அம்மாவிடம் பெருவிரல் அடையாளம் வாங்குவது சுலபம். அந்த ஒரு காகிதத்தால் தோட்டத்துக்கு இரண்டு லாபம். காயப்பட்டவர் போகிறார், பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு இளம் ஆள் வருகிறார். எங்கள் வகுப்புகளிலிருந்து இப்படிப் போன பிள்ளைகளின் முகம் எங்களுக்கு மறக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது போனவர்களும் உண்டு.

சட்டம் எங்களுக்கு என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலை நேரத்தில், வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். துரையின் பிழை என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. நிரந்தர ஊனத்துக்கு ஒரு தொகை, தற்காலிகமாக வேலைசெய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கொரு கொடுப்பனவு என்று அதில் இருக்கிறது. அந்த அரைமாதக் கொடுப்பனவைத் தம் வாழ்நாளில் வாங்கியிருக்கிறோம் என்று சொல்லக்கூடியவர்கள் உங்கள் லயத்தில் எத்தனை பேர்? கேட்டுப் பாருங்கள். விரல் போனால் நட்டஈடு உண்டு என்பது பலருக்குத் தெரியும். கை முறிந்து ஆறு கிழமை வீட்டிலிருந்தால் அதற்கும் உண்டு என்பது தலைவர்மாரிலேயே பலருக்குத் தெரியாது.

ஆனால் அந்தச் சட்டம் காசைப் பற்றிப் பேசுகிறதே தவிர, காயப்பட்டவர் வேலைக்குத் திரும்பும் வழியைப் பற்றிப் பேசவில்லை. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் பார்வை தொழிற்சாலையின் சுவருக்குள்தான். ரோலருக்குப் பாதுகாப்புக் கம்பி இருக்கிறதா என்று பார்க்க அதிகாரி வரலாம். சறுக்கும் கானையும் உடைந்த படியையும் மரத்தில் தொங்கும் கூட்டையும் பார்க்க யார் வருகிறார்? கொழுந்து பெக்டரிக்குள் போன பிறகுதான் பாதுகாப்பு, அதைக் கிள்ளுகிற கைக்கு இல்லை.

2016இல் இலங்கை அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. அதன் 27ஆம் உறுப்புரை, வேலை செய்யும் காலத்தில் உடற்குறை ஏற்பட்டவர்களையும் சேர்த்துப் பேசுகிறது. வேலையைத் தக்கவைப்பதற்கும் வேலைக்குத் திரும்புவதற்குமான திட்டங்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போட்டது கொழும்பு. பிரட்டுக் களம் வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் சொந்தபந்தங்கள் போய்ப் பால்வெட்டிய மலேசியாவில் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு 2007ஆம் ஆண்டிலிருந்து ‘வேலைக்குத் திரும்புதல்’ என்றே ஒரு திட்டம் நடத்துகிறது. காயப்பட்டவருக்கென்று ஒரு அலுவலரை ஒதுக்குகிறார்கள். அவர் டொக்டரிடமும் முதலாளியிடமும் பேசி, என்ன வேலை, எப்போது என்று ஒழுங்கு செய்கிறார். அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்லவில்லை. செய்யக்கூடிய காரியம், செய்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

இங்கே கம்பனிகள் எதைச் செய்கின்றன? வருமானப் பங்கு முறை என்று தேயிலைத் துண்டைப் பிரித்துத் தருகிறோம் என்கின்றன. அந்தக் கணக்கில் நீங்கள் தொழிலாளி இல்லை, ‘பங்காளி’. பங்காளி கானில் விழுந்தால் நட்டஈடு யார் கட்டுவது, இலகு வேலை யாரிடம் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்துக்குப் போய் அடிபட்டவர்களிடமே ‘அன்றைக்கு நீ செக்ரோலில் இல்லையே’ என்று சொல்லிப் பார்க்கிறார்கள். நாள் முழுவதும் பங்காளியானால் என்ன சொல்வார்கள் என்பதை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் பக்கத்து அழுக்கையும் மறைக்கக் கூடாது. இலகு வேலையைத் தங்கள் ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்கும் தலைவர்மார் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார்கள், எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். சந்தா யாருக்குப் போகிறது என்று பார்த்துக் காயத்தின் ஆழத்தை அளக்கிறார்கள். நிரையில் நிற்கும் நாமும் சும்மா இல்லை. ‘அவ நடிக்கிறா’, ‘கையில கட்டுப்போட்டுட்டு நெழல்ல ஒக்காந்து முழுப்பேரு வாங்குறா’ என்று சொல்வது யார்? கணக்கப்பிள்ளை சொல்வதற்கு முன்பே பக்கத்துக் காம்பிரா சொல்லிவிடுகிறது. நாற்பது பேர் வேலையை இருபத்தைந்து பேர் செய்யும் மலையில் அந்த எரிச்சல் வருவது எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் ஆள் குறைத்தது அந்த அம்மாவா? இன்றைக்கு நிழலில் இருப்பவரைப் பார்த்து எரிபவர் நாளைக்கு அதே கானில் இறங்க வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். ஆஸ்பத்திரித் துண்டை தோட்டம் ஏற்க வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுத்தில், தமிழில் தர வேண்டும். இலகு வேலையில் நிற்பவருக்கு நோம் வைக்கக் கூடாது, முழுப்பேர் போட வேண்டும். என்ன வேலை என்பதைக் கணக்கப்பிள்ளை தனியே தீர்மானிக்காமல், காயப்பட்டவரும் தோட்ட வைத்திய உதவியாளரும் தோட்டத் தலைவரோ மாதர் தலைவியோ சேர்ந்திருந்து பேச வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். கை தேறினால் கொஞ்சம் கூட்டலாம், வீங்கினால் குறைக்க வேண்டும். கொழுந்துக்குத் திரும்பும்போதும் முதல் நாளே முழு நோம் என்று நிற்கக் கூடாது. காயம் ஏற்படுத்திய இடத்தை, கானை, படியை, கூட்டை, கத்தியைச் சரிசெய்யாமல் அந்த ஆளை அங்கே அனுப்பக் கூடாது. பழைய வேலைக்கு இனி முடியவே முடியாது என்று டொக்டர் சொன்னால் நிரந்தரமாக வேறு வேலை கொடுக்க வேண்டும். அதனால் நட்டஈடு குறையவும் கூடாது.

இதில் கம்பனியை அழிக்கும் கோரிக்கை எது? இருபது வருடம் கொழுந்தெடுத்த கைக்குத் தெரிந்ததை நேற்று வந்த கைக்குக் கற்றுக்கொடுக்க எவ்வளவு நாளாகும் என்று துரைமாருக்கே தெரியும். ஆள் இல்லை, ஆள் இல்லை, எல்லாரும் கொழும்புக்குப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்புகிறார்கள். இருக்கிற ஆளைத் துரத்துவது அவர்கள்தான்.

அந்த அம்மாவின் விசயத்துக்கு வருகிறோம். துண்டைத் தமிழில் எழுதி, மூலப்பிரதியின் போட்டோக் கொப்பியோடு தோட்ட நிர்வாகத்துக்கும் மாவட்டத் தொழில் காரியாலயத்துக்கும் கடிதம் கொடுத்தோம். முதல் கிழமை பதில் இல்லை. இரண்டாம் கிழமை அவருடைய நிரையில் நின்ற பெண்கள், அவருக்கு வேலை மாற்றும்வரை நாங்களும் மலைக்கு இறங்கமாட்டோம் என்று பிரட்டுக் களத்திலேயே உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் நடிக்கிறார் என்று முதலில் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் சின்னத்துரை வந்தார். இப்போது அந்த அம்மா மடுவத்தில் நிறுவைக்குப் பக்கத்தில் நின்று, இடது கையால் முற்றல் பொறுக்குகிறார். முழுப்பேர். மகள் பள்ளிக்கூடம் வருகிறாள். விட்ட பாடங்களைப் பின்னேர வகுப்பில் எழுதுகிறாள். ஆறு கிழமைக்கான நட்டஈடு இன்னும் வரவில்லை. விண்ணப்பம் போயிருக்கிறது, விடமாட்டோம்.

உங்கள் வீட்டில் அலுமாரிக்குள்ளோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ இப்படி ஒரு துண்டு கிடக்கலாம். பழையதென்றாலும் எறிந்துவிடாதீர்கள். காயம் பட்டது எந்த நாள், எந்த மலை, பக்கத்தில் நின்றவர் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதி, துண்டோடு சேர்த்துத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். அவர்கள் வாங்கத் தயங்கினால் நேரே சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத முடியாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வரலாம், நாங்கள் எழுதித் தருகிறோம். விலகல் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டு யாராவது லயத்துக்கு வந்தால், ‘சங்கத்திடம் காட்டிவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்லிக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைக்கே எங்களுக்குச் செய்தி அனுப்புங்கள்.